சோப்புப் படலம் போட்ட கணக்கு

போன மாதம், நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். நாளைய கணினிகளைப் பற்றிக் கூட்டம் நடத்துகிறார்கள், நான் பேச வேண்டும் என்றார். சிப்புகளை எவ்வளவுதான் சிறிதாக்குவது, இனி ஒளி கணக்குப் போடும், மூலக்கூறு போடும், தண்ணீர்கூடப் போடும் என்று உற்சாகமாகச் சொன்னார். "கணக்கை இயற்கையிடமே விட்டுவிட்டு, அது அடங்கி நிற்கும்போது விடையைப் படித்துக்கொள்வதுதான் சார்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு விடையை இதே தூத்துக்குடியில் ஒரு வாளியிலிருந்து எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டுப் பொய்யும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது நான் இயற்பியல் விரிவுரையாளர். கடல்காற்று ஆய்வகத்துக்குள் வந்து பித்தளை எடைக்கற்களைப் பச்சை பிடிக்க வைக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பாடத்தை நிறுத்திவிட்டுத் தொடர்வோம். கல்லூரிக்கு முதல் கணினி வந்து, அதன் பொறுப்பு என்னிடம் இருந்தது. செருப்பை வெளியே விட்டுத்தான் அந்த ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். ஊரே வேர்த்து நிற்கையில் எனக்கு மட்டும் குளிரும். அந்தப் பெருமை இன்னும் தோலில் இருக்கிறது.

ஒருநாள் உப்பளத்திலிருந்து ஒரு வரைபடம் வந்தது. ஒரு குடிதண்ணீர்த் தொட்டி, நான்கு கொட்டகைகள். நன்கொடையாகக் கிடைத்த பைப்பை எப்படி இழுத்துப் பார்த்தாலும் கடைசிக் கொட்டகைக்கு எட்டவில்லை. அங்கே உப்பு வாரும் பெண்கள் வெயிலில் குடம் சுமந்துகொண்டிருந்தார்கள். உங்கள் மிஷினிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். மிஷினிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆய்வக அட்டெண்டர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா சார் மூணு நாளா மண்டையப் போட்டு ஒடைக்கிய? சோப்புத் தண்ணிகிட்டக் கேப்போம்."

"விளையாடாதீங்க அண்ணாச்சி."

"நீங்க அந்தக் குளுகுளு ரூம்ல கேளுங்க. நான் இங்கன வாளியில கேக்கேன். யாருக்கு மொதல்ல சொல்லுதுன்னு பாப்பம்."

கண்ணாடித் தகடுகளைக் கழுவும்போது, நடுவே நிற்கும் சோப்புப் படலம் தானே சுருங்கிக் குறுக்கு வழி பிடிப்பதைக் கவனித்து வைத்திருக்கிறார். இரண்டு தகடுகளுக்கு நடுவே, வரைபடத்தில் இருந்தபடி தொட்டிக்கு ஒன்று, கொட்டகைக்கு ஒன்று என ஐந்து திருகுகளை நிறுத்தினார். படலம் உடையாமல் நிற்க கிளிசரின் வேண்டும் என்றார். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. நானே திறந்து புட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

தகடுகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தூக்கினார். படலம் ஒருமுறை நடுங்கியது, நகர்ந்தது, நின்றது. திருகுக்குத் திருகு நேராகப் போகவில்லை. வெறும் இடத்தில் மூன்று மூன்று கோடுகளாகச் சந்தித்துப் பிரிந்தது. சோப்புப் படலம் தன் பரப்பைக் குறைக்கத்தான் பார்க்கும். அதற்கு வேறொன்றும் தெரியாது. பரப்பு குறைந்தால் கோடுகளின் நீளமும் குறையும். மறுமுறை முக்கியபோது வேறு விதமாக நின்று, நீளமும் கூடியிருந்தது. "அதுக்கும் தப்பு வரும்லா, நம்மள மாதிரி" என்று அண்ணாச்சி சிரித்தார். பலமுறை முக்கி, குறைந்த நீளத்தை எடுத்துக்கொண்டோம். சன்னல் வெளிச்சத்தில் அந்தப் படலத்தில் ஓடிய நிறங்களை இப்போதும் பார்க்கிறேன். அதே வழியில் இழுத்தால் பைப் எட்டிவிடும் என்று தெரிந்தது.

கோடுகள் சந்தித்த இடங்களை அளந்து கணினியில் இட்டேன். அது நீளங்களைக் கூட்டிச் சொன்னது. அது செய்தது அவ்வளவுதான். கல்லூரி முதல்வரிடம், "கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது" என்றேன். கடைசிக் கொட்டகையில் தண்ணீர் விழுந்த அன்று எனக்கு மாலை போட்டார்கள். அண்ணாச்சி பின்னால் நின்று கைதட்டினார்.

அடுத்த வாரம் ஆய்வக இருப்பைச் சரிபார்த்தார்கள். கிளிசரின் புட்டி காலி.

"யார் எடுத்தது?" என்றார் முதல்வர்.

உண்மையைச் சொன்னால் வாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சன்னலைப் பார்த்தேன். அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாந்தான் சார்" என்றார். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவைக் காட்டியே அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அட்டெண்டராகவே ஓய்வு பெற்றார். நான் துறைத்தலைவராக ஓய்வு பெற்றேன்.

ஆசிரியை வந்துபோன மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் பேசக் கூப்பிட்டதையும் சொல்லி, அன்று செய்த தப்பை ஒப்புக்கொண்டேன்.

"இத எங்கிட்ட எதுக்குச் சார் சொல்லுதிய? நாந்தான் அங்கனயே நின்னேனே. நிக்காதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் எழுந்தபோது உள்ளே இருந்த மனைவியிடம், "ஏளா, என் வெள்ளச் சட்டையத் தேச்சு வையி. சார் பேசுத கூட்டத்துக்கு நானும் போணும்" என்றார்.

கூட்டத்தன்று மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கிக்கொண்டு போனேன். நான் கேட்டிருந்தபடி மேடையில் வாளியும் கண்ணாடித் தகடுகளும் இருந்தன. அண்ணாச்சி அவற்றின் அருகே நின்றார். முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் ஒளியைப் பற்றிப் பேசினேன், மூலக்கூறுகளைப் பற்றிப் பேசினேன், இன்னும் எதையெதையோ பேசிக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"இங்கன ஒரு கிளிசரின் புட்டி இருக்கே, இத யாரு எடுத்தது?"

மாணவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "அன்றைக்கும் நான்தான் எடுத்தேன்."

பிறகு கணினியையும் மாலையையும் மெமோவையும் விடாமல் சொன்னேன். சிரிப்பு நின்றுபோயிருந்தது. அண்ணாச்சி தகடுகளின் ஓர் ஓரத்தை என்னிடம் நீட்டினார்.

"சரி, பிடிங்க சார். கை ஆடாமப் பிடிங்க."