மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வருவேன். அதற்கு முன் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பழைய செய்திகளை வெட்டி ஒட்டிக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். இங்கே டாக்டர்கள் நேராக உள்ளே வரலாம். நர்ஸ்கள் வரவேண்டுமானால் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அவரிடம் போய்ச் சீட்டு கேட்க யாரும் துணிந்ததில்லை.

ஒருநாள் பதினொரு மணிக்கு மண்ணச்சநல்லூர்க்கார நர்ஸ் ஒருவர் வந்து நின்றார்.

“சீட்டு இருக்கா?” என்றேன்.

“சீட்டு குடுக்கறவங்கதான் சார் மெமோ குடுத்திருக்காங்க.”

மெமோவை வாங்கிப் படித்தேன். முந்தைய நாள் வலிப்பு வந்த நோயாளிக்கு ஃபெனிடாயின் மருந்தை குளுக்கோஸில் கலந்து ஏற்றச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குழாயில் மருந்து பால் போலத் திரிந்ததைப் பார்த்து இவர் நிறுத்திவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. உத்தரவில்லாமல் மருந்தை நிறுத்தியதற்கு நான்கு மணிக்குள் விளக்கம் தராவிட்டால் சஸ்பெண்ட் என்றது மெமோ.

கீழே மருத்துவமனையின் மருந்துக் கடையில் பெட்டியைப் பிரித்ததும் உள்ளிருக்கும் தாளைத் தூக்கிப் போடுவார்கள். நான் அவற்றை வாங்கி வந்து, மடிப்பு நீக்கி, மருந்துப் பெயர் வாரியாக அடுக்கியிருந்தேன். பழைய பழக்கம். ஃபெனிடாயின் தாளை எடுத்தேன். உப்புநீரில் மட்டுமே கலக்க வேண்டும், குளுக்கோஸில் கூடாது என்று அதில் இருந்தது. நகல் எடுத்து நூலக முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அரை மணியில் திரும்பி வந்து அதை என் மேஜையில் எறிந்தார். “இது நாம இப்ப வாங்காத கம்பெனியாம். படிச்சுப் பாக்காம கொண்டுவந்து நீட்டறியான்னு எல்லாரும் இருக்கறப்ப மேடம் கேட்டாங்க. நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. மாட்டிக்கிட்டது நான்.”

செய்தித்தாள் அலுவலகத்தில் செய்திக்குப் பொருந்தாத படத்தை எடுத்துக் கொடுத்ததற்காக ஒரு சக ஊழியரை நான் ஒரு வாரம் திட்டியிருக்கிறேன். இவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. “உட்காருங்க” என்றேன்.

“நின்னுக்கறேன்.”

மருந்துக் கடைக்கு இறங்கினேன். இப்போது வாங்கும் கம்பெனியின் தாள் அங்கே குப்பைச் சாக்கில்தான் இருக்கவேண்டும். “லைப்ரரில குப்பை தீந்துபோச்சா சார்?” என்றார் கடைக்காரர். நான் சாக்கைத் தரையில் கவிழ்த்தேன். “அத யாரு அள்ளுவாங்க?” என்று கத்தினார். கசங்கிய தாள்களுக்குள் அந்தக் கம்பெனியுடையது கிடைத்தது. அதே வாசகம், அதே தடை.

நர்ஸ் என் மேஜையிலேயே பதில் எழுதினார். டாக்டர் தவறு செய்தார் என்ற வரியை அடிக்கச் சொன்னேன்.

“பயமா சார்?”

“தாளே அதச் சொல்லுது. நீங்க சொன்னா உங்களப் பிடிப்பாங்க.”

முறைத்துக்கொண்டே அடித்தார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவருமாகப் போனோம். சூப்பரின்டெண்டென்ட் பதிலையும் மருந்துத் தாளையும் நிதானமாகப் படித்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: “வார்டு வேலையும் நீங்களே பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா சார்?”

“மருந்துத் தாளைத் தேடிக் குடுக்கறது லைப்ரரி வேலைதான் மேடம்.”

“சீட்டு இல்லாம எப்படி உள்ள விட்டீங்க?”



சஸ்பெண்ட் இல்லை என்றாகிவிட்டது. மெமோவைக் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. டாக்டர் நர்ஸிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சீட்டில்லாத நர்ஸை அனுமதித்ததற்கு எனக்கும் ஒரு மெமோ வந்தது.

நர்ஸ் நன்றி சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நர்ஸோடு வந்தார். கை நிறைய மருந்துத் தாள்கள். வார்டில் பெட்டி பிரிக்கும்போதே எடுத்து வைத்தவை. மேஜையில் போட்டார்.

“இந்தத் தடவ கம்பெனி பேரும் பாத்து அடுக்குங்க சார்.”

நான் சீட்டு கேட்கவில்லை.