கம்பெனி டைம்

மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ரோஸ்மேரிக்குக் கம்ப்யூட்டர் வேலை. அப்பா அம்மா கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆபீஸ் அறைக்குள்ளும் பஞ்சுத் தூசி பறக்கும். கீபோர்டில் படியும், டீயில் மிதக்கும். மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு எந்தக் கலர் துணி ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

அவளுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு. உலகத்தின் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து இலவசமாக நடத்தும் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் தொகுப்பு ஒன்றில், வேறு ஆட்கள் எழுதிய ஒரு பில்ட் டூலைச் சரிபார்த்து ஏற்றும் பொறுப்பு அவளுடையது. துண்டு துண்டாக எழுதிய புரோகிராமை ஒன்றாகத் தைத்துக் கொடுப்பது அந்த டூல். ஃபைலில் பதிந்திருக்கும் நேரத்தைப் பார்த்து, எது புதிதாக மாறியதோ அதை மட்டும் மறுபடி தைக்கும். அதன் புது வெர்ஷனை அன்று சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். இல்லையென்றால் பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். டூலின் பெயருக்குக் கீழே தன் பெயர் இருக்கும் பக்கத்தை அவள் சும்மா சும்மா திறந்து பார்ப்பாள். ரேஷன் கார்டில்கூட அந்தப் பெயரைத் தப்பாகத்தான் அடித்திருந்தார்கள்.

வீட்டு லேப்டாப் சூடாகி அணைந்துவிடும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கம்ப்யூட்டரில்தான் இந்த வேலை. முதலாளி அர்த்தநாரி தடுக்கவில்லை. காசு கொடுக்காமல் கிடைத்ததால் அவருக்கு லினக்ஸ் மேல் தனி மரியாதை.

ஆனால் அந்த வாரம் முழுக்கப் புது வெர்ஷன் பாதித் தையலில் நின்றது. இந்த ஃபைல் இன்னும் வராத நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரே புலம்பல். சனியன் என்று திட்டிவிட்டு, உங்கள் டூல் கோளாறு என்று அதைச் செய்தவர்களுக்கே எழுதிப் போட்டாள். எங்களிடம் நன்றாக ஓடுகிறதே என்று பதில் வந்தது. அளவு தப்பிய தையல்காரனும் அதைத்தான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றும் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிட்டாள். தைத்துக்கொண்டே போனது. அர்த்தநாரி கை கழுவிவிட்டு வந்து, வழக்கம்போலக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து விரலைச் சுழற்றிக் காட்டினார். அவளும் வழக்கம்போலக் கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்தாள். அதே புலம்பலோடு டூல் நின்றது.

ரோஸ்மேரி தன் கையையே பார்த்தாள்.

அங்கே காலையில் கடிகாரம் கால் மணி முன்னால் ஓடும். நேரத்துக்கு வந்தவனும் லேட், அரை நாள் சம்பளம் போச்சு. மத்தியானத்துக்கு மேல் அதைப் பின்னால் தள்ளினால் சாயங்காலச் சங்கு தாமதமாக ஊதும். கைரேகை மிஷினும் சங்கும் அவள் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் கேட்கும். எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கம்பெனி டைம் என்று பெயரே இருக்கிறது. கட்டிங் மாஸ்டர் முனீஸ் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போது, முகூர்த்தம் நிஜ டைம்தான் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்.

பழைய வெர்ஷன் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தது, அவளைப் போல. புதுசு காறித் துப்பிவிட்டது. ஃபேன் சுவிட்சைத் தட்டுவதுபோல, தினமும் அத்தனை பேர் பொழுதையும் இந்த விரல்தானே திருடியது.

கோளாறு உங்களுடையது இல்லை, இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள் என்று எழுதிப் போட்டாள். உடனே பதில் வந்தது: தினமுமா, யார் தள்ளுகிறார்கள்?

முதலாளி என்று அடித்தாள். அழித்தாள். நான் என்று அடித்து அனுப்பினாள்.

பிறகு கடிகாரத்தை நிஜ நேரத்துக்குத் திருப்பி, முதலிலிருந்து ஓடவிட்டாள். கடைசித் துண்டு வரை தைத்தது. ஏற்றினாள், ஏற்றுக்கொண்டார்கள். அவள் பெயர் அங்கேயே இருந்தது.

கடிகாரத்தை அவள் மறுபடி தொடவில்லை. சங்கு சரியான நேரத்துக்கு ஊதியது. வெளியே வந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றார்கள்.

"யக்கா, சங்கு கெட்டுப்போச்சா?" என்று முனீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"இல்லடே. நெச டைமுக்குத்தான் ஊதிருக்கு, ஓடிரு."

அர்த்தநாரி உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை. அந்தக் கனிவுதான் பஞ்சு விழுந்த டீயைவிட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏங்கண்ணு, டைமத் தொட்டியா?"

"தொட்டேங்க."

"பழையபடி வெச்சுப்போட்டுப் போ சாமி. நாளைக்கும் வேலைக்கு வரோணுமல்லொ?"

"வரணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. அத மட்டும் இனி நான் தொட மாட்டேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பட்டன் என்று கேட்டார். ஷிப்ட் முடிந்துவிட்டது என்று சொல்லி அவள் டிபன் பாக்ஸை எடுத்தாள்.