கால் விரலில் கட்டிய தூளிக் கயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆம்பூரில் தோல் ஷாப்புகளை ஒட்டியிருந்த ஒரு சின்னப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தபோது நடந்தது இது. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். அன்று திங்கட்கிழமை. இடுப்பில் என் ஏழு மாதப் பெண், கைப்பையில் ராஜினாமாக் கடிதம். இரண்டையும் சுமந்துகொண்டு விறுவிறுவென்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

அதுவரை குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். அவர் கணவருக்கு ரயில்வேயில் வேலை. திடீரென்று அரக்கோணத்துக்கு மாற்றலாகி, மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு வேறு மனிதர் கிடையாது. என் கணவர் ஒரு ஷாப்பில் குமாஸ்தா. "வேலையை விடட்டுமா, வேண்டாமா?" என்று ஒரு வாரம் அவரைக் குடைந்தேன். "உன் இஷ்டம்" என்று ஏழு நாளும் அதே பதில். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை என்றால் எனக்கு உயிர். குழந்தை என்றாலும் உயிர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழுதுகொண்டே கடிதத்தை எழுதி முடித்தேன்.

குழந்தையை வைத்துக்கொண்டே வகுப்பு எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கைக்குழந்தைகள் வகுப்புக்குள் வரக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். அதை விடாப்பிடியாக நடத்தியவளே நான்தான்! நான் நிறைமாதமாக இருந்தபோது, தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த ஒரு சிறுமியை வாசலிலேயே நிறுத்தி, "இவனை வீட்டில் விட்டுவிட்டு வா" என்று விரட்டினேன். போனவள் திரும்பவில்லை. நானும் அவளை மறந்துவிட்டேன்.

அன்று தலைமை ஆசிரியை என்னை வாசலிலேயே மடக்கினார். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவர ஓர் அம்மாள் இருப்பார். அவருக்குக் காய்ச்சல். என் வகுப்பில் ஆறே பேர். போதாக்குறைக்கு, அன்று பார்த்து இன்ஸ்பெக்டரம்மா வருகிறார்!

நான் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். "லெட்டர் கிட்டர்லாம் அப்புறம். மொதல்ல போய்ப் புள்ளைங்களக் கூட்டிக்கினு வாம்மா. ஆளு கம்மியா இருந்தா உன் கிளாஸையே மூடச் சொல்லிடுவாங்க" என்றார். என் இடுப்பில் இருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

ஓடினேன். முதல் தெருவின் கடைசி வீட்டில், அன்று நான் விரட்டிய அந்தச் சிறுமி! வாசற்படியில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே விட்டத்தில் புடவைத் தூளி. அதிலிருந்து வந்த கயிறு அவள் கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. கை புளியில், கால் தம்பியை ஆட்டுவதில். அவள் அம்மா ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கப் போயிருந்தாள். சிறுமி நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடுப்பைத்தான் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், உங்க வூட்லயும் பாத்துக்க ஆளில்லியா?"

கேலியே இல்லை, நிஜமான பரிதாபம்! வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "ஆமாம் கண்ணு, ஆளில்லை. தம்பியையும் தூக்கிக்கோ, பள்ளிக்கூடம் போகலாம்" என்றேன்.

"அவன இட்டுனு வந்தா திட்டுவீங்களே?"

"மாட்டேன்டி! கிளம்பு!"

அதற்கப்புறம் எனக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. தெருத் தெருவாகப் போய், "குழந்தை இருந்தால் குழந்தையோடு வாங்கடி!" என்று கத்தினேன். பன்னிரண்டு பெண்கள் கிளம்பினார்கள். அவர்களில் ஐந்து பேர் இடுப்பில் ஐந்து குழந்தைகள். என்னுடையது ஆறாவது. ஷாப்பு வாசலைத் தாண்டும்போது பட்டை இடிக்கும் பெண்கள் உலக்கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இன்னா டீச்சரம்மா, ஊர்கோலமா?" என்று ஒருத்தி கேட்டாள். அது அந்தச் சிறுமியின் அம்மா. "ஸ்கூலுக்கு!" என்று மகள் இங்கிருந்து கூவினாள்.

எங்களைப் பார்த்ததும் தலைமை ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரம்மா ஸ்டேஷனில் இறங்கி வண்டி ஏறியாகிவிட்டதாம். எனக்கு மூளை பரபரவென்று வேலை செய்தது. வகுப்பின் பின்பக்கம் ஒரு பாய்த் தட்டி உண்டு. தட்டிக்குப் பின்னால் விட்டத்தில் பழைய புடவைகளில் ஆறு தூளி கட்டினோம். கயிறுகளைத் தட்டிக்கு அடியில் இழுத்துப் பின்வரிசைப் பெண்களின் கால் விரல்களில் முடிந்தோம். என் பெண்ணின் கயிற்றை அந்தச் சிறுமியே தன் இன்னொரு கால் விரலில் கட்டிக்கொண்டாள். கையில் சிலேட்டு, காலில் தூளி. ஆறும் தூங்கிவிட்டன! என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா உள்ளே நுழைந்தார். நெட்டை உருவம், கண்ணாடி, சிரிப்பே அறியாத முகம்.

ஒன்றை மட்டும் நான் மறந்துவிட்டேன். பெரியவர்கள் வந்தால் ஒரே துள்ளலில் எழுந்து நின்று கும்பிட வேண்டும் என்று மாசக்கணக்கில் பழக்கியிருந்தேனே! "நமஸ்காரம் அம்மா!" என்று வகுப்பே துள்ளி எழுந்தது. ஆறு கயிறுகளும் வெடுக்கென்று இழுபட்டன. ஆறு தூளிகளும் குலுங்க, ஆறு தொண்டைகளும் ஒரே சமயத்தில் திறந்தன. இரண்டு காலிலும் கயிறு கட்டிய சிறுமி தட்டியின்மேல் விழுந்தாள். தட்டி தடாலென்று சாய்ந்தது. ஒளித்து வைத்ததெல்லாம் வெட்டவெளிச்சம்.

இன்ஸ்பெக்டரம்மா விழுந்தவளைத் தூக்கி நிறுத்தி, புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு வார்த்தைக்குமேல் அவளுக்கு ஓடவில்லை.

"ரெண்டாம் கிளாஸ்ல இதுகூடத் தெரியாதா?"

"தம்பிய இட்டுனு வராதன்னு டீச்சரு தொரத்திட்டாங்கம்மா. இன்னிக்குத்தான் கூப்ட்டாங்க."

பூமி பிளக்காதா என்றிருந்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை. "உண்மைதானம்மா. தப்பு என்னுடையது" என்றேன். அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டேன்.

இன்ஸ்பெக்டரம்மா நேரே போய், எல்லாரையும்விடச் சத்தமாக வீறிட்டுக்கொண்டிருந்த என் பெண்ணைத் தூளியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். மறு கையால் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"தூளியில இருக்கற இந்த ஆறு பேர் பேரும் இதுல இல்லையே?"

"இல்லீங்கம்மா" என்றார் தலைமை ஆசிரியை.

"அப்போ நான் யாரையும் பாக்கல." பெரிய பெண்கள் பதினெட்டுப் பேரையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குழந்தையை என்னிடம் நீட்டினார். "நான் பாக்காத இந்த ஆளு என் புடவைய நனைச்சுட்டா!" என்று முதல் சிரிப்பை அவரே சிரித்தார். அப்பாடா! வகுப்பே கொல்லென்றது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தச் சிறுமி வாசலில் தயங்கி நின்றாள்.

"நாளைக்கும் இவன இட்டுனு வர்லாமா டீச்சர்?"

'வா' என்று சொல்ல வேண்டுமானால் நாளைக்கு நான் அங்கே இருக்க வேண்டும். ஒரு வாரமாக முடியாத யோசனை ஒரு நொடியில் முடிந்தது. "வா! நானும் இவளோடு வர்றேன்!" என்று கத்தினேன். அது காதில் விழ, தலைமை ஆசிரியை சாய்ந்து கிடந்த தட்டியை எடுத்து மறுபடி நிறுத்தினார். கடிதத்தை அன்றே அடுப்பில் போட்டேன். கணவரிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். எட்டாவது நாளில் அந்தப் பதில் எனக்கு இனித்தது!

வேலையா, பிள்ளையா என்று இன்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலில் நிற்கும் யாரிடமும், "அதை விட்டுவிட்டு வா" என்று சொல்ல அன்றிலிருந்து எனக்கு வாய் வந்ததேயில்லை.