பிலிம் டப்பாவில் போன கரப்பான்பூச்சி

என் மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. உயிரியல் வகுப்பில் பிராணிகளை அறுத்துக் காட்ட வேண்டுமா, கணினித் திரையில் காட்டினால் போதாதா என்பது விஷயம். அறுத்துப் பார்த்தால்தான் அறிவு வளரும் என்று ஒரு தகப்பனார் பத்தி பத்தியாக எழுதுகிறார். பாவம் பிடிக்கும் என்று ஒரு தாயார் கைகூப்பும் படமாக அனுப்புகிறார். நடுவில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார்கள். இவர்களில் ஒருவராவது ஒரு கரப்பான்பூச்சியையாவது வெட்டியிருப்பாரா என்று கேட்கப் போய், எரிச்சலில் போனைக் கவிழ்த்து வைத்தேன். நான் வெட்டியிருக்கிறேன். பதினொரு வயதில், மைசூரில், எங்கள் வீட்டுச் சமையல் மேடையில்.

அக்கா அப்போது பி.யு. இரண்டாம் ஆண்டு, தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ. அவளை டாக்டராக்குவது என்று அப்பா தீர்மானித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஹனூர்ப் பக்கம் மஞ்சளும் சோளமும் போட்ட குடும்பத்திலிருந்து மைசூருக்கு வந்து, அரசாங்க ஆபீசில் நாற்காலி பிடித்த முதல் ஆள் அவர். தனக்கு அடுத்த படி டாக்டர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. படியில் ஏற வேண்டியவளை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அக்கா நன்றாகப் படிப்பாள். படம் வரைந்தால் புத்தகத்தில் இருப்பதை விடத் தெளிவாக இருக்கும். கத்தியை எடுத்தால் மட்டும் கை நடுங்கும்.

ஒரு சாயங்காலம் கல்லூரியிலிருந்து தாமதமாக வந்தாள். அன்று உயிரியல் மேடம், மயக்க மருந்து கொடுத்த தவளை ஒன்றின் மார்பைத் திறந்து காட்டினாராம். இதயம் துடித்துக்கொண்டே இருந்ததாம். எல்லோரும் முண்டியடித்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. மற்றவர்கள் அடுத்த வகுப்புக்கு ஓடினார்கள். அக்கா மட்டும் அது நிற்கும்வரை அங்கேயே நின்றிருக்கிறாள். அடுத்த வகுப்பில் அவளை உள்ளே விடவில்லை.

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் இதைச் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"அது பரீச்சைக்கு வருமா கண்ணு?"

வராது, பரீச்சைக்குக் கரப்பான்பூச்சிதான் என்றாள் அக்கா. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது.

அப்பா தனக்குத் தெரிந்த ஓட்டல்காரரிடம் சொல்லி, ஊறுகாய் பாட்டில் நிறையக் கரப்பான்பூச்சிகளோடு வந்தார். மூடியில் அவரே ஆணியால் ஓட்டை போட்டிருந்தார். பழைய பிஸ்கட் டப்பாவின் மூடியில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, அறுவைத் தட்டு தயார் செய்தார். பூச்சியை மெழுகின் மேல் குண்டூசியால் குத்தி, தண்ணீர் ஊற்றி, அதற்குள் வைத்து வெட்ட வேண்டும். நல்ல விளக்கும் குழாயும் பக்கத்தில் இருப்பது சமையலறையில்தான் என்பதால் அதையும் அவரே முடிவு செய்தார்.

"அந்தக் கருமத்தை என்ற அடுப்பு மேடைல வெச்சீங்கன்னா நா எங்கம்மா ஊட்டுக்குக் கொள்ளேகாலம் பஸ் ஏறிருவேன், சொல்லிப்புட்டேனுங்க" என்றாள் அம்மா. ஏறவில்லை. பால் பாத்திரத்தை மட்டும் பூஜை அலமாரிக்கு மாற்றினாள்.

ஒரு வாரம் அந்தக் கூத்து நடந்தது. அப்பா ஒரு பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுவார். அது அடங்கியதும் அக்கா இறக்கையைக் கத்தரிப்பாள். பக்கவாட்டில் வெட்டத் தொடங்குவாள். பாதியில் குடல் அறுந்துபோகும். அப்பா அடுத்ததைப் போடுவார். எனக்கானால் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு மோசமாக ஒருத்தியால் எப்படிச் செய்ய முடிகிறது என்று புரியவே இல்லை.

"ஒரு பூச்சிக்கே இப்பிடி நடுங்குனா நாளைக்கு மனுசன எப்பிடி அறுப்பே?" என்றார் அப்பா.

"அறுக்கறேன்னு நா எப்பப்பா சொன்னேன்?" என்றாள் அக்கா. அப்பா அப்போது பாட்டிலைத் தட்டி அடுத்த பூச்சியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. என் காதில் விழுந்தது. அதையும் ஒரு சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். நான் எடுத்தேன். ஒரு வாரம் பார்த்தே பழகியிருந்தது. முதுகுத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். வெள்ளைக் கொழுப்பை ஊசியால் விலக்கினேன். இடுக்கியால் குடலை மெல்லப் பிடித்துச் சுருள் பிரித்து ஒரு பக்கமாக விரித்தேன். பை போன்ற தீனிப்பை, அதன் கீழே குட்டி உரல் மாதிரி அரைப்பை, விரல் விரலாகச் சில நீட்சிகள், மஞ்சள் நூல் போல ஒரு கற்றை. எங்கும் அறுபடவில்லை. அக்கா நோட்டில் வரைந்த படம் அப்படியே தண்ணீருக்குள் கிடந்தது.

அப்பா என்னைத் தூக்காத குறைதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார், அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனார். அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நீட்டா பண்ணிருக்க" என்றாள். அதில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்காதது ஏமாற்றமாக இருந்தது.

அப்பாவின் திட்டம் அப்போதுதான் பிறந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் என்னை இன்னொரு பூச்சியை வெட்டச் சொன்னார். அந்தக் குடலை, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட் ஊற்றிய, கேமரா பிலிம் சுருள் வரும் சின்னக் கறுப்பு டப்பாவில் போட்டு மூடினார். செரிமான மண்டலம் கேட்டால், தேர்வாளர் அடுத்த மேஜைக்குப் போகும் நேரம் பார்த்து, அக்கா இதைத் தட்டில் விரித்துவிட வேண்டும்.

"இது காப்பியில்ல அம்மிணி. தங்கச்சி செய்யற ஒத்தாசை, அவ்ளோதான்."

அக்கா டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். எனக்கு அன்றெல்லாம் கால் தரையில் நிற்கவில்லை. என் வேலை பி.யு. பரீட்சைக்குப் போகிறது!

மறுநாள் எனக்குப் பள்ளி விடுமுறை. முடிவைத் தெரிந்துகொண்டு வா என்று அப்பா என்னைக் கல்லூரி வாசலுக்கு அனுப்பியிருந்தார். அக்கா கடைசி ஆட்களில் ஒருத்தியாக வெளியே வந்தாள். ஓடிப்போய், என்ன வந்தது என்று கேட்டேன்.

"செரிமான மண்டலம்தான்."

கைதட்டாத குறையாக டப்பாவைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். கனமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். ஸ்பிரிட்டில் என் குடல் ஒரு நூல்கூட அலுங்காமல் அப்படியே மிதந்தது.

"தொறக்கவே தோணல கணே. நானே வெட்டுனேன். பாதில அறுந்து போச்சு" என்றாள், தோழிகளிடம் பேசுவது போலக் கன்னட 'கணே' போட்டு. அறுந்ததை அறுந்த இடத்திலேயே குத்திக் காட்டினாளாம். தேர்வாளர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கேள்விகள் கேட்டாராம். அதற்கெல்லாம் பதில் சொன்னாளாம்.

எனக்கு வந்த கோபத்தில் நடுரோட்டில் கத்தினேன். ஒரு வாரம், இரண்டு பூச்சி, இவ்வளவு பாடுபட்டுச் செய்து கொடுத்ததைப் பையிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவருவதற்கு இவள் யார்? என் வேலை அவளுக்குக் கேவலமா? "சும்னிரு டீ" என்று சிரித்துவிட்டு, டப்பாவை வாங்கி, ஓரத்திலிருந்த செடிக்கடியில் கவிழ்த்தாள்.

அந்தப் பாடத்தில் அவளுக்குச் செய்முறை மதிப்பெண் குறைந்தது. அப்பா பல நாள் அவளோடு பேசவில்லை. மருத்துவ சீட்டும் கிடைக்கவில்லை. அக்கா பி.எஸ்சி.யில் கணிதம் எடுத்தாள், இன்று நஞ்சன்கூட்டில் ஆசிரியை. "சின்னவதான் டாக்டர்" என்ற அப்பாவின் அடுத்த கணக்கும் பலிக்கவில்லை. எனக்குப் பூச்சி வெட்டப் பிடித்திருந்ததே தவிர வேறெதுவும் அதில் இல்லை என்று அவருக்கு நிரூபிக்க ஏழு வருடம் ஆனது. ஆனால் இதெல்லாம் பிறகு.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், தள்ளுவண்டிக்காரரிடம் அக்கா இரண்டு பொட்டலம் சுருமுரி வாங்கினாள். பொரியில் துருவிய கேரட்டும் வெங்காயமும் காரமும் போட்டுக் கலக்கித் தருவார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் வற்புறுத்தவில்லை. தன்னுடையதைத் தின்று முடித்து, என்னுடையதையும் பிரித்தாள். அந்தத் தவளை நாளிலிருந்து தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு மட்டும் எழுந்துபோனவள், காகிதத்தைக் கவிழ்த்துக் கடைசிப் பொரிவரை உள்ளங்கையில் தட்டி வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு இளநீரும் கேட்டாள்.

பரீட்சையைக் கெடுத்துவிட்டு வந்தவளுக்கு எப்படி இவ்வளவு பசிக்கிறது, கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா என்றுதான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தேன்.