பேரணாம்பட்டு வேனில் என் குரல்

பொங்கல் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை ஆம்பூருக்குப் போய் வந்தேன். பிரியாணிக்கா, செருப்பு வாங்கவா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இரண்டுக்கும் இல்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லப் போனேன்.

என் வேலை பழைய நாவல்களை ஒலிநூலாகப் படிப்பது. சென்னையில் தனியாக இருக்கிறேன். துணி அலமாரிக்குள் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து படிப்பேன். யார் கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள் என்று தெரியாது. செயலியில் நட்சத்திரம் போடுவார்கள், அவ்வளவுதான். அதனால் மார்கழியில் ஒரு பெண்ணிடமிருந்து நீளமான மின்னஞ்சல் வந்தபோது, முதல் நான்கு வரிகளைச் சந்தோஷமாகவே படித்தேன்.

எழுதியவர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். பேரணாம்பட்டிலிருந்து தினமும் கம்பெனி வேனில் பதினோரு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். நான் படித்த ஒரு நாவலை வேன் ஸ்பீக்கரில் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். மிகப் பழைய நாவல் அது. அதில் தோல் பதனிடும் முனியன் என்று ஒருவன் வருவான். எட்டாவது அத்தியாயத்தில் பண்ணையார் அவனைச் சாதியைச் சொல்லித் திட்டுவார். பக்கத்துக்கு மூன்று நான்கு முறை அந்தச் சொல் வரும். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே வேண்டிய மட்டும் சொல்லியாகிவிட்டது.

எஸ்தர் எழுதியிருந்தது இது: "பண்ணையாருக்காகக் குரலை மாற்றினீர்கள். அசல் ஆள் பேசுவது போலவே இருந்தது. எங்களில் ஏழு பேர் முனியன் தெரு மாதிரியான தெருவில் பிறந்தவர்கள். மறுநாள் கதை வைக்கவில்லை. ஆனால் டிரைவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் சொன்னது போலவே இழுத்து, அதைச் சொல்லித்தான் இப்போது எங்களை வண்டியில் ஏறச் சொல்கிறார். நான்கு வருடமாக அவர் வண்டியில் வருகிறோம். முன்பு ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவ்வளவு சரியாகச் சொல்ல எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

ஐந்து முறை பதில் எழுதி அழித்தேன். கடைசியில், நேரில் வரலாமா என்று கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது. "சனிக்கிழமை ஐந்தரைக்கு விடுவார்கள், கம்பெனி கேட்டில் நில்லுங்கள்."

சென்ட்ரலில் காலை ஏழே முக்காலுக்குப் பெங்களூர் ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை 95 ரூபாய். நூற்றெண்பது கிலோமீட்டர், பத்தரைக்கு ஆம்பூர். குடியாத்தம் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர், மருந்துக் கம்பெனி விற்பனையாளர், என் பக்கத்து ஜன்னலைக் காட்டினார். "சாத்திடுங்க மேடம். ஆம்பூர் வருது. அந்த ஆளுங்க ஊரு, நாறும்." மரியாதைக்காகச் சாத்திவிட்டேன். சாத்தின பிறகுதான் அவர் நாறும் என்றது தோலையா, ஆளையா என்று தோன்றியது. மறுபடி திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

நிலையத்துக்குப் பக்கத்தில் 800 ரூபாய்க்கு அறை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையையும் காலியாக வைத்திருந்தேன். வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேசலாம் என்று ஒரு நினைப்பு. மதியம் பிரியாணிக் கடையில் நான்கு பேர் உட்காரும் மேசையில் உட்கார்ந்தேன். பரிமாறுபவர் இலையைப் போடாமலே நின்றார். "இன்னும் ஆளுங்க வர்றாங்களா?" இல்லை என்றேன். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காய் நன்றாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பைபாஸில் இருக்கும் கம்பெனிக்கு ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய், பத்து நிமிடம். ஐந்து மணிக்கே போய் நின்றேன். ஐந்து நாற்பதுக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டே ஒருவர் நேராக என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தார்.

"நீங்கதானே? வாங்க, வண்டியிலயே பேசலாம். நின்னா டிரைவர் கத்துவாரு."

டிரைவர் பெயர் பாபு. நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். வெளியாளை ஏற்றமாட்டேன் என்று ஆரம்பித்தவர், எஸ்தர் நான் யார் என்று சொன்னதும் இறங்கியே வந்துவிட்டார்.

"இன்னா மேடம், நீங்கதானா அது! உக்காருங்க, முன்னாடியே உக்காருங்க."

வண்டி கிளம்பியது. பேரணாம்பட்டுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், நாற்பது நிமிடம் ஆகும். ஊரைத் தாண்டும் முன்பே பாபு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பண்ணையார் வாய்ஸ் சூப்பர் மேடம். எவனோ பெரிய ஆம்பள ஆர்ட்டிஸ்டுன்னுல்ல நெனச்சேன். ஒரு தபா சொல்லுங்க மேடம். அதான், அந்த வார்த்தை. நம்ம பொண்ணுங்க முன்னாடி."

கண்ணாடியில் எஸ்தர் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து யோசித்து வந்த வாக்கியங்களை விட்டுவிட்டேன்.

"அது என் குரல் இல்ல. எங்க அப்பாவோடது," என்றேன். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று திரும்பி உட்கார்ந்தேன். "எங்க வீட்டுக் கொல்லைப்பக்கம் கக்கூஸ் கழுவ ஒருத்தர் வருவார். அப்பா தினமும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பேரு என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. அந்த அத்தியாயம் படிக்கறப்போ அவர் குரல் அப்படியே வந்துது. அவர் வீட்டுல இருக்கிற மாதிரி இருந்துது. சந்தோஷமா இருந்துது எனக்கு. இன்னொரு தடவை படிச்சேன். ரெண்டுல நல்லா வந்ததை வச்சேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார். தேன்மொழி என்று பிறகு தெரிந்துகொண்டேன். "உங்கப்பா உங்களத் திட்டுவாரா?"

"இல்ல. ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அதான் உங்களுக்கு சந்தோஷமா இருந்துது," என்றார்.

பாபு ஸ்டியரிங்கைத் தட்டினார். "நான் சும்மா தமாஷுக்குத்தான் மேடம் சொல்றது. இதுங்க எல்லாம் என் தங்கச்சிங்க மாதிரி."

"பாபு அண்ணே." எஸ்தர் குரலை உயர்த்தவில்லை. "உங்க தங்கச்சிய அப்படித்தான் கூப்புடுறீங்களா? ஒரு மாசமா சொல்லணும்னு இருந்தேன். வண்டியில பேஜாராப் போவும்னு சொல்லல. இனிமே சொல்லாதீங்க."

பாபு ஒரு பாட்டைப் போட்டார், கொஞ்ச தூரத்தில் அதையும் நிறுத்தினார். சாலையோரம் புளியமரங்கள் வந்துகொண்டே இருந்தன. தேன்மொழிதான் மறுபடி பேசினார்.

"அந்த முனியன் கடைசில இன்னா ஆவான்?"

"செத்துப்போவான். பன்னெண்டாவது அத்தியாயத்துல."

"எப்படி?"

"காய்ச்சல். ரெண்டு வரிதான் எழுதியிருக்கு."

"ரெண்டே வரியா? அப்ப நாங்க கேக்காம விட்டதே நல்லதாப் போச்சு."

பேரணாம்பட்டில் எல்லோரும் இறங்கினார்கள். எஸ்தர் மட்டும் நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். சரி என்பதற்கா, காதில் விழுந்தது என்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. "கேட்டதுக்கு மறைக்காம பதில் சொன்னீங்க. அது போதும். ஆறே முக்காலுக்கு ஆம்பூர் பஸ் இருக்குது, அந்தப் பக்கம் நில்லுங்க." அவர் தெருவுக்குள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் இருபது ரூபாய். மறுநாள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் காலை எட்டு மணிக்கே கிளம்பினேன். ரயிலில் இடமில்லை. சென்னை பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.

அந்த வாரமே எட்டாவது அத்தியாயத்தை மறுபடி பதிவு செய்தேன். சொல்லை எடுக்கவில்லை. எடுத்தால் பண்ணையார் நல்லவராகிவிடுவார். ஆனால் குரலை மாற்றாமல், என் குரலிலேயே படித்தேன். தொடக்கத்தில், முதல் பதிவில் பேசியது யார் குரல் என்று அரை நிமிடம் சொல்லியிருக்கிறேன். செயலிக்காரர்கள் மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். படித்து முடித்ததும் பழைய பதிவை அழித்தேன். அப்பாவின் குரல் என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

மாசியில் எஸ்தர் ஒரு செய்தி அனுப்பினார். "டிரைவர் இப்போ அந்த வார்த்தைய சொல்றதில்ல. எங்ககூட பேசறதும் கம்மி. வண்டியில கதை வைக்கிறதில்ல. இது உங்களுக்குத் தெரியணும்னு போட்டேன்." நன்றி என்று எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். காலை ரயிலே வசதி. பேரணாம்பட்டுக்கு ஆம்பூர், குடியாத்தம் இரண்டு பக்கமிருந்தும் பஸ் உண்டு. வெயில் காலத்தில் தண்ணீர் கையில் இருக்கட்டும். யாரிடமாவது மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்றால், திரும்பி வரும் டிக்கெட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள். மறுநாளைக் காலியாக வைத்துக்கொண்டு போகாதீர்கள்.