சட்டைக்குள் போன ஞாயிறு பேப்பர்

மலாயாவில், லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எனக்குச் சம்பளம் மரத்தில் பால் வெட்டுவதற்கு. ஆனால் நான் பெருமைப்பட்டுக்கொண்ட வேலை, ஞாயிறு பேப்பரை மறுநாள் ரப்பர் காட்டில் உரக்கப் படிப்பது. மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறையும்வரை உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு உலக நிலவரம், கவிதை, தொடர்கதை எல்லாம் தொண்டை கட்டப் படிப்பேன். பால்வெட்டுக்காரனுக்கு ஐரோப்பாவும் வேண்டும் என்று நம்பிய பேப்பர் அது. எங்களைப் பற்றி அதற்கு உயர்ந்த அபிப்பிராயம். எனக்கும் என்னைப் பற்றி அப்படித்தான், கொஞ்சம் கூடுதலாகவே.

அந்தத் திமிரில் ஒரு கதை எழுதி அனுப்பினேன். "உங்க பேரு பேப்பர்ல வந்தா நான் மொட்டை போட்டுக்கறேன்" என்றாள் பெண்டாட்டி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேப்பர் என்றால் கருவாடு மடிக்க. அவள் வாயால் ஒரு "பரவால்லையே" வந்தால் போதும், அதற்குத்தான் ஏங்கினேன்.

கதை வந்தே விட்டது! கடைக்கு வந்த பேப்பர் அத்தனையும் வாங்கினேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் எல்லார் முன்னாலும் படித்து அவளை அசத்த வேண்டும். கசங்கக் கூடாதே என்று கட்டுக் கட்டாகச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன், மடையன்.

எமர்ஜென்சி காலம். பெருங்காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, கம்பிவேலியைத் தாண்டி ஒரு பிடி சோறு போக விடமாட்டார்கள். அந்த கேட்டில் திடீர்த் தொப்பையோடு போய் நின்றால்?

"பெராஸ்?" என்றார் காவல்காரர். அரிசியா என்கிறார்.

"சூராட் கபார் லா, துவான்!" பேப்பர்தான் ஐயா என்று அலறினேன். யார் கேட்டார்கள்? இத்தனை பேப்பர் எதற்கு, ரகசியச் சேதியா என்று ஆபீசுக்கு இழுத்துப் போனார்கள். பின்னாலேயே ஓடிவந்த பெண்டாட்டி வாசலில் நின்றாள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என் கதையை முழுக்கப் படித்துவிட்டு போலீஸ் துரையிடம் சொன்னார்: "ஆபத்தா ஒண்ணும் இல்லைங்க. சொல்லப்போனா, ஒண்ணுமே இல்லைங்க."

ஒரு பேப்பரை மட்டும் திருப்பித் தந்து விரட்டினார்கள். அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து வேலைக்குப் போனேன். அன்று யாருக்கும் எதுவும் படிக்கவில்லை. அழுகைதான் வந்தது.

சாயங்காலம் வீட்டில், ரேஷன் அரிசிச் சோற்றில் தன் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்து, பேப்பரைப் பலகைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல உங்க பேரு எது?"

காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"பரவால்லையே. மொட்டையை மட்டும் கேக்காதீங்க." பிறகு மிச்சப் பசையையும் மூலையில் அழுத்தித் தேய்த்தாள். "இப்ப வரச் சொல்லுங்க அந்தக் காவக்காரனை. பேப்பருக்கு அடியில சோறு இருக்கு, வந்து பிடிக்கட்டும்."