கோமதி டாக்டரின் சதுரங்களும் வட்டங்களும்

கோமதி டாக்டர் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தார். தூக்கத்திலேயே... எண்பத்தெட்டு வயது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. மூளை நரம்புகள் மெல்ல மெல்லச் செத்து, கை கால் தானாக ஆடுகிற ஒரு நோய். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது. அது உள்ள குடும்பங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்த விஞ்ஞானி அவர்.

1980களின் தொடக்கத்தில் நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் வந்தார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒன்பதாவதோடு நின்றிருந்தேன். யார் வந்தாலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. ஆனால் ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறும்போதே தள்ளாடுவார். "இன்னா மாமா, காலங்காத்தாலயே ஊத்திகினு வந்துட்டியா?" என்று பஸ்ஸே சிரிக்கும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

பிறகு மைன்ஸில் ஒருநாள் விழுந்தார். அதோடு கட்டில்தான். உருண்டு விழாமல் இருக்க அம்மாவின் பழைய புடவையால் இடுப்பைக் கட்டி வைப்போம்.

டாக்டர் தரையில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளை விரித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. அப்பாவின் சதுரம் மட்டும் கறுப்பாக இருந்தது.

"இவரோட அப்பா எப்படிம்மா இறந்தார்?"

"பாம்பு கடிச்சிப் பூட்டாருங்க" என்றார் அம்மா.

"இவர் அக்கா?"

"கெணத்துல தவறி வுழுந்துட்டாங்க."

இரண்டும் பொய். தாத்தாவும் அத்தையும் அப்பாவைப் போலவே ஆடி ஆடித்தான் அடங்கினார்கள். நாள் முழுக்க அப்பாவோடு நான் வீட்டில் கிடந்ததால் எனக்கு மட்டும் அம்மா சொல்லியிருந்தார். அண்ணனுக்குத் தெரியாது. மைன்ஸில் விழுந்ததால் வந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தான்.

அப்பாவை மெடிக்கல் அன்ஃபிட் ஆக்கினால் அந்த வேலை அண்ணனுக்கு வரும். பரம்பரை வியாதி என்ற பேச்சு ஆபீஸுக்குப் போய்விட்டால்? அம்மாவுக்கு அதுதான் பயம்.

டாக்டர் குடையை மறந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

"இதுக்கா இப்படி மூச்சிரைக்க ஓடி வந்தே?"

அவர் பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைக் காட்டினேன். விரித்தார். பென்சிலை வாங்கி, தாத்தாவின் சதுரத்தையும் அத்தையின் வட்டத்தையும் கறுப்பாக்கினேன்.

அவர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார். பிறகு, "இந்தத் தாள் உங்க ஆபீஸுக்குப் போகாது, பயப்படாதே" என்றார்.

என் வட்டத்தின் மேல் விரலை வைத்தேன்.

"தெரியாதும்மா. வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. கண்டுபிடிக்க இன்னும் டெஸ்ட் இல்லை."

"அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றேன். பஸ் வந்தது. படியில் நின்றபடி, "அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி நீயாவது அவன்கிட்ட சொல்லிடணும். சொல்லுவியா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

அண்ணனுக்கு வேலை கிடைத்தது. பர்மனென்ட். அம்மா எங்கள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். அடுத்த வருஷம் பெண் பார்க்கக் கிளம்பினார்கள்.

அண்ணனின் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். அவன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். சொல்ல வாயெடுத்தேன்...

"இன்னாடி?" என்றான்.

"காலர் மடிஞ்சிகினு இருக்கு" என்றேன்.

நாற்பது வயதில் அவன் கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. அப்போது அவனுக்கு இரண்டு பெண்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?" பேச்சு குழற ஆரம்பித்தபோது ஒரே ஒரு முறை கேட்டான். நான் அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

அவன் போய்ப் பன்னிரண்டு வருஷம். பெண்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். மூத்தவள் டம்ளரை எடுக்கும்போதெல்லாம் நான் அவள் கையைத்தான் பார்க்கிறேன். என் வட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

டாக்டர் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். என் கை எப்படி இருக்கிறது, நடை எப்படி இருக்கிறது என்று கேட்பார். அண்ணனிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்டதே இல்லை.

போய் வாருங்கள் டாக்டர்... அன்றைக்கு நான் தலையாட்டியதை நம்பித்தான் நீங்கள் பஸ் ஏறினீர்கள்.